நீலியின் எடை

மார்ச் 3, செவ்வாய்

இன்று அக்காவோடு அவசரச் சரக்கு அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை, நான்கு தொலைபேசி, ஒரு மேடம். அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "வண்டி ஓட்டப்போறது யாரு?" அக்கா கையைத் தூக்கினாள். "அப்ப இவர் எதுக்கு?" என்றார். இயந்திரவியல் படித்தவன் என்று சொன்னேன். "சரி, மூட்டை தூக்கவும் ஆள் வேணும்ல," என்றார்.

வேலை இதுதான். எங்காவது ஒரு தொழிற்சாலையில் ஒரு பாகம் உடைந்து எல்லாம் நின்றுபோகும். புதிய பாகத்தை லாரியில் போட்டால் மூன்று நாள். அதனால் அந்த ஒரு சரக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் அப்போதே கிளம்ப வேண்டும், வழியில் வேறெங்கும் இறக்கி ஏற்றாமல். மேடம் தொலைபேசியில் அளவும் எடையும் சொல்வார். இரண்டு நிமிடத்துக்குள் முதலில் சரி சொன்ன வேனுக்கு வேலை. அவருடைய பட்டியலில் பன்னிரண்டு வேன்கள். பதின்மூன்றாவது இடம் காலி. 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் ஆயிரம் கிலோ ஏற்றக்கூடிய வேனோடு வந்து சோதனையில் தேறினால் இடம் எங்களுக்கு. இல்லையென்றால் அடுத்தவருக்கு. அதற்கப்புறம் எப்போது காலியாகும் என்று கேட்டேன். "யாராவது போய்ச் சேர்ந்தாத்தான்," என்றார். சிரிக்கவே இல்லை.

அக்கா ஒன்பது வருடம் ஓட்டிய ஆம்புலன்ஸை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். 31ஆம் தேதி கடைசி நாள். நான் பம்பு தொழிற்சாலையை விட்டு பதினோரு நாளாகிறது. அங்கே அளவுக் கருவியே பொய் சொல்கிறது என்று மேலாளரிடம் நான்கு பேர் முன்னால் சொன்னேன். அது உண்மை. உண்மையைச் சொன்ன பிறகு அங்கே நாற்காலி முள்ளாகிவிட்டது.

ஆக, மாதக் கடைசியில் குடும்பத்தில் வேலைக்குப் போகிறவர் அத்தான் ஒருவர்தான். பள்ளி ஓவிய ஆசிரியர். அக்கா தம்பி விவகாரத்தில் நடுவே நின்றவன் உருப்பட்டதில்லை என்று ஒதுங்கிவிட்டார். வேனின் நிறத்தை மட்டும் தன்னைக் கேட்டு முடிவு செய்யச் சொன்னார்.

மார்ச் 4, புதன்

எக்செல் தாள் தயார். நாற்பத்தொரு கட்டங்கள். தரையின் நீளம், இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள அகலம், பின்கதவின் உயரம் (உள்ளே கூரை உயரம் வேறு, கதவின் உயரம் வேறு, இது தெரியாமல் வேன் வாங்குகிறவர்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்), ஏற்றக்கூடிய எடை, ஓடிய தூரம், பின்கதவு எவ்வளவு கோணத்துக்குத் திறக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கியத்துவ எண். பெருக்கிக் கூட்டினால் விடை. ஆசாபாசத்துக்கு இடமே கிடையாது.

அக்கா சீருடையோடு நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"இதுல வண்டி எங்கடா இருக்கு?"

அத்தானுக்காக நிறத்தையும் சேர்த்தேன், நாற்பத்தொன்றாவது கட்டமாக. அவர் முகம் மலர்ந்தது. அதன் முக்கியத்துவ எண் பூஜ்யம். கேட்டால் சொல்வேன். கேட்கவில்லை.

மார்ச் 7, சனி

தரகர் மூன்று வேன் காட்டினார். அளவு நாடா, டார்ச், கண்ணாடி கட்டிய குச்சி எல்லாம் எடுத்துப் போனேன். முதல் வேனுக்கடியில் நான் படுத்திருந்தபோது, மேலே தரகர் பதறும் சத்தம் கேட்டது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? தண்ணி கொண்டு வரட்டுமா?"

வெளியே வந்து பார்த்தால் அக்கா வேனுக்குள், சரக்கு ஏற்றும் தரையில், பின் அச்சுக்கு மேலே மல்லாந்து படுத்திருக்கிறாள். கைகளை வயிற்றில் கோத்துக்கொண்டு.

"நீ ஓட்டு. நான்தான் சரக்கு," என்றாள்.

இதுதான் அவள் வழி என்று அப்போதுதான் தெரிந்தது. ஆம்புலன்ஸ் மாற்றும்போதெல்லாம் அவள் முதலில் படுக்கையில் படுத்துக்கொண்டு வேறொருவரை ஓட்டச் சொல்வாளாம். ஓட்டுகிறவன் இருக்கையில் வண்டி எப்போதும் நல்லபிள்ளையாகத்தான் இருக்கும், அதன் குணம் பின்னால் கிடக்கிறவனுக்குத்தான் தெரியும் என்பது அவள் கட்சி. இதற்கு என்ன அலகு, எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டேன். முதல் வேனுக்கு, "துள்ளுது. கண்ணாடி ஏத்துனா மாவா இறங்கும்," என்றாள். அலகு: மாவு.

இரண்டாவது வேனில் என்னைப் படுக்கச் சொன்னாள், விஞ்ஞானம் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று. அந்தப் பேட்டையில் மொத்தம் எத்தனை பள்ளம் இருக்கிறது என்பது இப்போது என் முதுகெலும்புக்குத் தெரியும். ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்றுக்கு மட்டும் திரும்பிப் போய் இரண்டாவது முறை இறக்கினாள். சந்தேகமாக இருந்ததாம்.

மூன்றும் தேறவில்லை. இதில் மட்டும் தாளும் அக்காவும் ஒத்துப்போனார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

பார்த்துவிட்டேன். நீலம். உயரக் கூரை, பின்கதவு இரண்டும் பக்கச் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு முழுதாகத் திறக்கின்றன. தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பு, விளிம்பு வரை பிசிறில்லாமல். நடமாடும் டயர்க் கடை நடத்தியவரின் வண்டி. வயதாகிவிட்டது என்று விற்கிறார். எனக்கு ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. எண்கள் நன்றாக இருக்கின்றன. அவ்வளவுதான்.

நான் ஓட்டினேன். அக்கா பின்னால் படுத்தாள். பள்ளத்தில் இறங்கினால் தொட்டில் மாதிரி ஒரு அசைவு, அப்புறம் அமைதி. கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்து, தரையைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. காலி வண்டி இவ்வளவு நல்லா இருக்கக் கூடாதே."

நன்றாக இருப்பதிலும் குறை கண்டுபிடிக்க எங்கள் குடும்பத்தில்தான் முடியும்.

மார்ச் 11, புதன்

அக்கா தன் பங்குக்கு ஒரு வேன் காட்டினாள். சலவை நிலையத்துக்காரம்மாவினுடையது, அக்காவின் மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்புகள் கொண்டுவருகிற வண்டி. வெளிறிய மஞ்சள், பல்லுக்கு வரும் நிறம். உள்ளே சோப்பு வாசனை. படுத்துப் பார்த்தேன். குதிக்கிறது. அதைச் சொன்னதும் அக்கா, "குதிக்குது. ஆனா ஒளிக்காம குதிக்குது," என்றாள். இவளோடு எப்படித் தொழில் செய்யப் போகிறேன்?

மார்ச் 12, வியாழன்

தாளில் இரண்டையும் ஏற்றினேன். மஞ்சள் வென்றது. பதினேழு புள்ளி வித்தியாசத்தில்.

மறுபடி சரிபார்த்தேன். மஞ்சள்தான்.

பின்கதவு திறக்கும் கோணத்துக்கு முக்கியத்துவ எண் இரண்டுதான் போட்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது அநியாயமான எண். அவசர வேலையில் கதவு எவ்வளவு முக்கியம்! ஒன்பது ஆக்கினேன். கூரை உயரத்தையும் கொஞ்சம். நீலம் நான்கு புள்ளியில் வென்றது. இது மோசடி இல்லை, அளவீட்டைச் செம்மைப்படுத்துவது. (யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?)

அக்காவிடம் கடைசி எண்ணை மட்டும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கணக்கே சொல்லிடுச்சுன்னா நான் யாரு," என்று போய்விட்டாள். சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மார்ச் 13, வெள்ளி

டயர்க்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அத்தான் வந்து பார்த்து, இந்த நீலத்தில் கொஞ்சம் பச்சை கலந்திருக்கிறது, மிக அருமை என்றார். நாற்பத்தொன்றாவது கட்டத்தை நான் நிரப்பியதற்கு நன்றி சொன்னார்.

மேடம் படிவம் அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு வரி: வண்டியில் செல்வோரின் எடை. ஆட்களின் எடையும் வண்டி தாங்க வேண்டிய கணக்கில்தான் சேரும், அதைக் கழித்த பிறகுதான் சரக்கு. நியாயமான கேள்வி. என் எடை எழுபது. அக்காவிடம் கேட்டேன்.

"ஐம்பத்தெட்டு."

என் பள்ளி நாட்களிலிருந்து அவள் ஐம்பத்தெட்டுதான். நான் பார்க்க, ஆம்புலன்ஸ் மாறியது, அரசாங்கம் மாறியது, அந்த எண் மாறவில்லை. மறுபடி கேட்டதற்கு என் அளவு நாடாவை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள்.

மார்ச் 16, திங்கள்

இன்று செய்ததை நினைத்தால் எனக்கே என் மேல் மரியாதை வருகிறது.

டயர்க்காரர் ஒரு நாளுக்கு வண்டியைக் கொடுத்தார். காலி வண்டியின் எடைச் சீட்டு அலுவலகத்தில் கேட்கிறார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். பொய். எடைமேடைக்குப் போனோம். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் இடம். தரையோடு தரையாக இரும்புப் பலகை, பக்கத்தில் கண்ணாடிக் கூண்டில் ஒரு ஆள். அக்கா ஓட்டி வந்து மேடையில் நிறுத்தினாள். நான் கீழே நின்றேன். முதல் எடை. பிறகு, "அக்கா, ஒரு டீ சாப்பிட்டு வா, இங்க நேரமாகும்," என்றேன். அவள் இறங்கிப் போனாள். கூண்டுக்காரரிடம் இன்னொரு முறை போடச் சொன்னேன்.

"ஒண்ணுமே ஏத்தல இறக்கலையே, எதுக்கு ரெண்டாவது?" என்றார். அக்கா போகும் திசையைக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியை மூடிக்கொண்டார். சீட்டை நீட்டும்போது, "தம்பி, மேடையில பத்து கிலோ முன்னப்பின்ன இருக்கும். அத சொல்லித் தப்பிச்சுக்குங்க," என்றார்.

முதல் சீட்டு 2,470. இரண்டாவது 2,390. வித்தியாசம் எண்பது! ஐம்பத்தெட்டாம், ஐம்பத்தெட்டு!

வழியெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தேன். என்னடா இளிப்பு என்று கேட்டாள். பல்வலி என்றேன்.

அதே நாள், மாலை

இல்லை.

சீட்டை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். வித்தியாசத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அந்த இரண்டாவது எண்ணைப் பார்க்கவே இல்லை. ஆளில்லாத வண்டி 2,390. பதிவுப் புத்தகத்தில் 2,150 என்று இருக்கிறது. இருநூற்று நாற்பது கிலோ அதிகம். எங்கிருந்து?

வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து 3,500-க்கு மேல் போகக் கூடாது. கழித்தால் 1,110. நாங்கள் இரண்டு பேர் 150. மிச்சம் 960. டாங்கியில் கால்வாசிதான் டீசல். நிரப்பினால் இன்னும் ஐம்பது போகும். மேடம் கேட்பது ஆயிரம். அக்கா ஐம்பத்தெட்டுதான் என்று கோயிலில் சத்தியம் செய்தாலும் போதாது.

மார்ச் 17, செவ்வாய்

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் ரப்பர் விரிப்பை மூலையில் கத்தி போட்டுக் கிளப்பினேன். கீழே இரும்புத் தகடு. ஐந்து மில்லிமீட்டர் கனம். மூன்று மீட்டர் நீளம், ஒன்றே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைய அகலம். மனக்கணக்கிலேயே வந்தது: இருநூறு கிலோ. மீதி நாற்பது, தகட்டைத் தாங்கும் சட்டங்கள்.

அதனால்தான் தொட்டில் மாதிரி இருந்தது. எப்போதும் இருநூற்று நாற்பது கிலோ சுமந்துகொண்டிருக்கும் வண்டி எப்படித் துள்ளும்? இதைக் கண்டுபிடிக்க நான்கு வருடம் படித்த ஒருவன் தேவை. அந்த நான்கு வருடம் படித்தவன் அப்போது எங்கே போயிருந்தான்? கதவுக் கோணத்துக்கு ஒன்பது போட்டுக்கொண்டிருந்தான்.

டயர்க்காரருக்குப் பெருமைதான். மறைக்க நினைத்தவர் பேசுகிற பேச்சில்லை. "அதுவா? காத்தடிக்கிற மெஷின் ஆடாம நிக்கணும்ல தம்பி. நாலு பக்கமும் வெல்டு வெச்சிருக்கேன். வண்டி போனாலும் அது போகாது." கழற்ற முடியுமா என்று கேட்டேன். அறுத்து எடுத்தால் அசல் தரையும் கூடவே வந்துவிடும் என்றார்.

கேள்வி இதுதான். மேடத்தின் சோதனையில் மரப்பெட்டி ஒன்றை ஏற்றிப் பார்ப்பார்கள், காகிதத்தைப் பார்ப்பார்கள். எடைமேடைக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்கள். காகிதத்தில் 2,150. நான் வாயை மூடிக்கொண்டால் தேறிவிடும். பத்து நாள்தான் இருக்கிறது.

சாலையில் எடைச் சோதனையில் நிறுத்தினால்? மாட்டுவது ஓட்டுநரின் உரிமம்.

மார்ச் 18, புதன்

சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. அவள் வண்டிக்கு நீலி என்று பெயர் வைத்துவிட்டாள். அவளுக்கும் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. பின்கதவுக்கு உள்பக்கம் கயிறு மாட்டக் கொக்கிகள் வாங்கி வந்திருக்கிறாள், எட்டு. ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துக் காட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அதன்பின் சோறு இறங்குமா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இறங்காது.

மார்ச் 20, வெள்ளி

மதியம் மருத்துவமனைக்குப் போனேன். ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்தில், திறந்த பின்கதவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் தலைகீழாக வந்தது. "அக்கா, திங்கட்கிழமை உன்ன எடை போட்டேன்."

மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். எடைமேடை, டீ, இரண்டு சீட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அதில் வேறொன்று தெரிந்துவிட்டது என்றும் சொன்னேன்.

"எவ்வளவு காட்டிச்சு?"

"ரெண்டாயிரத்து முன்னூத்தித் தொண்ணூறு. ஆனா புத்தகத்துல..."

"வண்டிய கேக்கல."

"எண்பது. பத்து கிலோ முன்னப்பின்ன இருக்கும்."

"பின்னன்னே வெச்சுக்கோ," என்றாள். "மேல சொல்லு."

தகட்டைச் சொன்னேன். 960 சொன்னேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டாள். முகத்தில் சிரிப்பின் மிச்சம் கூட இல்லை.

"திங்கட்கிழமை தெரியும். இன்னைக்கு வெள்ளி."

"ஆமா."

"யார் பேர்லடா லைசென்ஸ்? ஒன்பது வருஷம் பின்னாடி உசுர வெச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேன். ஒரு கோடு விழுந்ததில்ல அதுல. அதுல ஓட்ட போட்டுட்டுதான் தொழில் தொடங்கணுமா?"

சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருந்தது. ஒரே அடியில் வாங்கிக்கொள்வோம் என்று கதவுக் கோணத்தையும் சொல்லிவிட்டேன். முதலில் ஜெயித்தது மஞ்சள் என்று.

"கணக்கு சொல்லுதுன்னு சொன்னியே."

"கணக்கு சொல்லல. நான் சொன்னேன்."

எதிரே ஒரு ஊழியர் சக்கர நாற்காலியைக் கழுவிக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "என்கூட சண்டை போட்டு ஜெயிக்க முடியாதுன்னு எக்செல்ல கூட்டிட்டு வந்தியா?" என்றாள்.

ஆமாம். அதுதான் செய்தேன். எழுதும்போதுதான் ஒப்புக்கொள்ள முடிகிறது. என்ன மனுஷன் நான்? கொக்கி எட்டும் இன்னும் என் அறையில் கிடக்கின்றன.

மார்ச் 21, சனி

காலை ஏழு மணிக்கு வாசலில் ஹாரன். அக்கா, அத்தானின் ஸ்கூட்டரில். "ஏறு. உன் வாய்க்கு வேல வந்திருக்கு."

சலவை நிலையம். மஞ்சள் வேனை விற்கலாம், ஆனால் மே மாதம்தான் என்றார் அந்த அம்மா. புதிய வண்டி அப்போதுதான் வரும், அதுவரை விரிப்புகளை எதில் கொண்டுபோவது? எங்களுக்கு இருப்பது ஆறு நாள்.

அக்கா என் முதுகில் ஒரு விரலால் குத்தினாள். நான் நீலியைப் பற்றிச் சொன்னேன். தாளைத் திறக்கவில்லை. உயரக் கூரை, முழுதாகத் திறக்கும் கதவு, தொட்டில் மாதிரி ஓட்டம். பிறகு, தகடு இருக்கிறது, இருநூற்று நாற்பது கிலோ அதிகம், எங்களுக்கு ஆகாது, காகிதத்தை நம்பாதீர்கள், நீங்களே எடைமேடைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்றும் சொன்னேன். அந்த அம்மா அக்காவிடம் திரும்பி, "உன் தம்பி விக்க வந்தானா, விக்காம இருக்க வந்தானா?" என்று கேட்டார்.

"அவன் அப்படித்தான்க்கா. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனாலும் தன் பல்லுல எத்தன சொத்தைன்னு முதல்ல சொல்லிடுவான்."

அவர் யோசித்தார். அவருடைய விரிப்புகள் ஒரு நாளைக்கு எவ்வளவு எடை என்று கேட்டேன். அதிகம் போனால் நானூறு. "துணி என்னப்பா கனம்? இடந்தான் அடைக்கும்," என்றார். அதைத்தான் சொல்ல வந்தேன். அவருக்கு இடம் வேண்டும், எங்களுக்கு எடை வேண்டும். தகடு அவரை ஒன்றும் செய்யாது.

டயர்க்காரரை வரவழைத்தோம். மூன்று பேரும் பேசி முடிக்க மதியம் ஆனது. நீலி சலவைக்குப் போகிறாள். டயர்க்காரருக்கு நாங்கள் கொடுத்த முன்பணம் மஞ்சளின் விலையில் கழியும். மஞ்சள் எங்களுக்கு.

திரும்பும்போது அக்காவுக்கு இன்னும் கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் பள்ளங்களை விலக்கித்தான் ஓட்டினாள்.

மார்ச் 23, திங்கள்

மஞ்சளை எடைமேடையில் நிறுத்தினேன். தனியாகத்தான் போனேன். காகிதமும் மேடையும் பத்து கிலோவுக்குள் ஒத்துப்போயின. கூண்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா வரலையா? தெரிஞ்சு போச்சா?" என்றார். உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் இருவரையும், முழு டாங்கியையும் கழித்தால் ஆயிரத்து நூறு கிலோ ஏற்றலாம்.

மார்ச் 24, செவ்வாய்

அத்தான் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. யாரோ பூஜ்யத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள். யாராக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் குளியலறையில் பாடிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 27, வெள்ளி

மூன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். முற்றத்தில் ஆளுயர மரப்பெட்டி ஒன்று. எல்லா வேனுக்கும் அதுதான் தேர்வு. ஃபோர்க்லிஃப்ட் அதைத் தூக்கி பின்கதவுக்குள் விட வேண்டும், எதிலும் உரசாமல். மேடம் கீழே இறங்கி வந்தார். மாடிக்கு வெளியே அவரை முதல்முறையாகப் பார்க்கிறேன். என்னைவிட ஒரு சாண் குள்ளம். அதற்காக பயம் குறையவில்லை.

மேலே இரண்டு விரல் இடைவெளி. எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வியர்த்தது. பெட்டி உள்ளே போனது. வண்டி பின்பக்கம் தாழ்ந்து, ஒரு முறை அசைந்து, நின்றது. அக்கா சக்கரத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் படிவத்தைப் பார்த்தார். நான் எடைச் சீட்டையும் இணைத்திருந்தேன். யாரும் கேட்காமலே கொண்டுவந்தவர் இதுவரை எவரும் இல்லையாம். "மத்தவங்க எல்லாம் காகிதத்துல இருக்கறத எழுதித் தருவாங்க," என்றார். அந்தப் பன்னிரண்டு பேரையும் மேடையேற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

பதின்மூன்று எங்களுடையது.

மார்ச் 30, திங்கள்

முதல் அழைப்பு. பத்தேகால் மணி. "ஒரு மோட்டார். ஆயிரத்து இருநூத்தம்பது. முடியுமா?"

இரண்டு நிமிடம். மூன்று நாள் காத்து வந்த முதல் அழைப்பு. இன்று விடுப்பு எடுத்திருந்த அக்காவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் முடிவாம்.

முடியாது என்றேன். மேடம் சரி என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். எட்டாம் நம்பர் வேன் எடுத்துக்கொண்டதாக அப்புறம் தெரிந்தது. அதில் என்ன தகடு இருக்கிறதோ.

மார்ச் 31, செவ்வாய்

அழைப்பு இல்லை. அக்கா ஆம்புலன்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தாள். அவர்கள் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது வருடம் நேரத்துக்குப் போனவளுக்கு!

ஏப்ரல் 2, வியாழன்

காலை ஆறு மணிக்கு மேடம். "உணவுப் பொருள் பொட்டலம் கட்டுற தொழிற்சாலை. நேத்து மதியத்துல இருந்து நிக்குது. ஒரு பெட்டி. எடை நானூறு கிராம்." எழுதிக்கொண்டேன். திரும்பக் கேட்டேன். நானூறு கிராம்தான். ரப்பர் வளையம் ஒன்று. முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர்.

சரி என்றேன்.

பெட்டி என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. பின்னால் வைத்தால் உருண்டுகொண்டே இருக்கும். எட்டுக் கொக்கியில் எதில் கட்டுவது? மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் பதினோரு கன மீட்டர் காற்று எங்களோடு வந்தது. அக்கா நூற்றைம்பது கிலோமீட்டர் வரை சிரிப்பை அடக்கி வைத்திருந்தாள். ஒரு சுங்கச் சாவடியில், என்ன லோடு என்று கேட்டதற்கு என் மடியைக் காட்டினாள். அதோடு இரண்டு பேருக்கும் அடக்க முடியாமல் போய், வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு நிமிடம்தான். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தாள். அவளை வேலையில் நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வேகம் தெரியவில்லை, ஆனால் எல்லாம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு வாசல். சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பு. ஃபோர்க்லிஃப்ட் ஒன்று கரங்களைத் தூக்கியபடி எங்களுக்காகக் காத்திருந்தது. மேலாளர் ஓடிவந்து பின்கதவுப் பக்கம் போனார். நான் முன்பக்கம் இறங்கிப் பெட்டியை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஃபோர்க்லிஃப்ட்காரர் மட்டும் நம்பவில்லை. அக்கா மரியாதைக்காகப் பின்கதவைத் திறந்து காட்டினாள்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு நிற்கும்போது உள்ளே இயந்திரம் ஓடத் தொடங்கியது. சுவர் அதிர்ந்தது. வாசல் நிழலில் நேற்றிலிருந்து சும்மா இருந்த இருபது முப்பது பேர் சீட்டுக்கட்டை மடித்து வைத்துவிட்டு, துணியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அதில் ஒரு பெரியவர் எங்களைக் கடந்து போகும்போது நின்றார்.

"ஏம்மா, வழியில ஒரு பஞ்சர் கிஞ்சர் ஆகியிருக்கக் கூடாதா? கையில நல்ல சீட்டு வந்திருந்துச்சு."

"அடுத்த தடவ முன்னாடியே சொல்லியனுப்புங்கய்யா," என்றாள் அக்கா. "தம்பிய ஓட்டச் சொல்றேன்."